மட்டக்களப்புக் கடலில் கிடக்கும் கப்பல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இலங்கையின் மட்டக்களப்புக்கு எதிரே, 1942-ல் ஜப்பானியர் மூழ்கடித்து இன்னும் கடலடியில் கிடக்கும் ‘ஹெர்மிஸ்’ என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிப் போர்க்கப்பலுக்கு இறங்கிப் பார்த்துவிட்டு வந்ததைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சிலர் என்னைக் கடற்படைக்காரர் என்று நினைத்திருக்கிறார்கள். நான் 24 வருடம் பாம்பே ஹை எண்ணெய்க் கிணறுகளில் டைவராகவும், கடைசியில் டைவிங் சூப்பர்வைசராகவும் வேலை பார்த்தவன். குழாய் பற்றவைப்பது, நட்டு முடுக்குவது, துரு சுரண்டுவது இதெல்லாம்தான் தண்ணீருக்கடியில் எங்கள் வேலை. இப்போது ஓய்வு. வீடு மும்பை ஆன்டாப் ஹில்லில். மூழ்கிய கப்பல்களைப் பார்க்கப் போவது சொந்த ஆசை, சொந்தச் செலவு.

“என் மகனுக்கு 26 வயது. ஐரோலியில் வேலை. போன வருடம் தார்கர்லியில் டைவிங் கற்றுக்கொண்டு சான்றிதழ் வாங்கினான். உங்கள் கட்டுரையைப் படித்ததிலிருந்து ஹெர்மிஸைப் பார்த்தே தீருவேன் என்கிறான். அனுப்பலாமா?” – செம்பூர் வாசகி

அனுப்பலாம் அம்மா. ஆனால் இந்த வருடம் வேண்டாம்.

உங்கள் மகன் கையில் இருப்பது அநேகமாக முதல் கட்டச் சான்றிதழ். அதை வைத்து 18 மீட்டர் வரை இறங்கலாம். அடுத்த கட்டம் முடித்தால் 30 மீட்டர். ஆழத்துக்கென்றே தனிப் பயிற்சி எடுத்தால் 40. பொழுதுபோக்காக டைவ் செய்பவர்களுக்கு எல்லை அதோடு சரி. ஹெர்மிஸ் கிடக்கும் மணல் தரையோ 50 மீட்டருக்கும் கீழே. கப்பலின் மேல் விளிம்பைத் தொடுவதற்கே 40 மீட்டரைத் தாண்ட வேண்டும்.

பத்து மீட்டர்தானே அதிகம் என்று தம்பி கேட்பார். அவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஒவ்வொரு 10 மீட்டருக்கும், மேலே இருக்கும் காற்றழுத்தத்தைப் போல ஒரு மடங்கு அழுத்தம் கூடும். 50 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல 6 மடங்கு. இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் 6 மடங்கு காற்று போகும். வழக்கமான 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்துக்கு அடைத்தால் 2400 லிட்டர் காற்று. பதற்றமில்லாத ஆள் மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பார் என்றால் அது 2 மணி நேரம் வரும். அதே ஆள் 50 மீட்டரில் நிமிடத்துக்கு 120 லிட்டர் இழுப்பார். மொத்த சிலிண்டரும் 20 நிமிடத்தில் காலி. மேலே வருவதற்கு இதிலிருந்துதான் மிச்சம் பிடிக்க வேண்டும். அதனால் இந்த மாதிரிக் கப்பலுக்கு ஒற்றை சிலிண்டரோடு யாரும் இறங்கக்கூடாது. முதுகில் இரண்டு, பக்கவாட்டில் ஒன்றோ இரண்டோ என்று கட்டிக்கொண்டு இறங்க வேண்டும்.

அடுத்தது ஆழ மயக்கம். நாம் சுவாசிக்கும் காற்றில் நாலில் மூன்று பங்குக்கு மேல் நைட்ரஜன். மேலே அது ஒன்றும் செய்யாது. 30 மீட்டருக்குக் கீழே போதை மாதிரி மூளையை மந்தமாக்கும். என் அனுபவத்தையே சொல்கிறேன். முதல் தடவை ஹெர்மிஸுக்கு வெறும் காற்றோடு இறங்கினேன். இத்தனை வருடத் தொழில் அனுபவம் இருக்கிறதே என்ற தைரியம். 48 மீட்டரில் சிலிண்டர் மீட்டரைப் பார்த்தேன், 110 என்று காட்டியது. எண் தெளிவாகத் தெரிகிறது. அது போதுமா, கிளம்ப வேண்டுமா என்பது மட்டும் புத்தியில் ஏறவில்லை. மறுபடி பார்த்தேன். மூன்றாவது தடவையும் பார்த்தேன். கூட வந்தவர் என் கையைப் பிடித்து, ‘ஏறு’ என்று கட்டைவிரலை மேலே காட்டினார். அவர் காட்டியிருக்காவிட்டால் நான் இன்னும் எவ்வளவு நேரம் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றிருப்பேனோ தெரியாது. எண்ணெய்க் கிணற்று வேலையில் மேலே ஒருவர் என் குரலைக் கேட்டுக்கொண்டே இருப்பார், குழாய் வழியாகக் காற்று வந்துகொண்டே இருக்கும். சிலிண்டர் கட்டி இறங்குகிறவனுக்கு அந்த இரண்டுமே இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு 50 மீட்டர் ஆழம் தேவைப்பட்டது. அடுத்த முறை ஹீலியம் கலந்த வாயுவோடு போனேன். அன்றைக்குத்தான் கப்பலை உண்மையிலேயே பார்த்தேன்.

ஆக்சிஜனைக் கூட்டி அடைத்த நைட்ராக்ஸ் சிலிண்டர் எடுத்தால் மயக்கம் வராது என்று சிலர் சொல்வார்கள். இந்த ஆழத்துக்கு அது விஷம். 32 சதவீதக் கலவையை 50 மீட்டரில் சுவாசித்தால் ஆக்சிஜனே வலிப்பை வரவழைக்கும். தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் பிழைப்பது கடினம்.

மேலே வரும்போதும் அவசரப்படக் கூடாது. அழுத்தத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற வேண்டும். கோலி சோடாவை ஒரே அழுத்தாக அழுத்தித் திறந்தால் நுரை எப்படிப் பொங்குகிறதோ, சட்டென்று மேலே வருகிறவன் உடம்பிலும் அப்படித்தான். மூட்டு வலியில் ஆரம்பித்து முதுகுத் தண்டு வரை போகும். ஆகையால் நடுவில் குறிப்பிட்ட ஆழங்களில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று நின்றுதான் வர வேண்டும். அடியில் கழித்தது 20 நிமிடம் என்றால், ஏறி வர அதைவிடக் கூடுதல் நேரம் ஆகும்.

மகனிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். ஹெர்மிஸ் மூழ்கிய அதே நாளில், அதே கடற்கரையில் ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ என்ற எண்ணெய்க் கப்பலும் குண்டு விழுந்து மூழ்கியது. அது பாசிக்குடாப் பக்கம் சுமார் 24 மீட்டரில்தான் கிடக்கிறது. இரண்டாம் கட்டச் சான்றிதழ் எடுத்துவிட்டு முதலில் அதைப் பார்க்கட்டும். அதே வரலாறு, பாதி ஆழம். இரண்டு மூன்று வருடம் ஆழப் பயிற்சியும் வாயுக் கலவைப் பயிற்சியும் எடுத்த பிறகு ஹெர்மிஸ். அதற்குள் கப்பல் எங்கும் போய்விடாது.

காலமும் முக்கியம். நமக்கு இங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளித்துப் படகுகளைக் கரையேற்றி வைத்திருப்போம். கிழக்கிலங்கையில் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரைதான் கடல் அமைதியாக இருக்கும். வடகிழக்குப் பருவமழை வந்தால் அங்கே மூடிவிடுவார்கள். திரும்பும் விமான டிக்கெட்டைக் கடைசி டைவுக்கு மறுநாள் மாலைக்கு மேல் போடச் சொல்லுங்கள். இவ்வளவு ஆழம் போனவர் முழுதாக 24 மணி நேரமாவது தரையில் இருந்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும்.

“கப்பல் எப்படி மூழ்கியது என்பதை நாலே வரியில் முடித்துவிட்டீர்கள். விரிவாகச் சொல்லக்கூடாதா? அதில் விமானமே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். விமானம் தாங்கிக் கப்பலில் விமானம் இல்லாமலா?” – மாட்டுங்கா வாசகர்

இந்தக் கேள்விக்காகவே நன்றி.

1941 டிசம்பர் 7-ல் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிப் படை. நாலு மாதம் கழித்து, 1942 ஏப்ரலில் அதே படை நம் கடலுக்கு வந்துவிட்டது. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பின்மேல் குண்டு. அன்றே இலங்கைக்குத் தென்மேற்கே ‘டார்செட்ஷயர்’, ‘கார்ன்வால்’ என்ற இரண்டு பிரிட்டிஷ் க்ரூசர்களை மூழ்கடித்தார்கள். மறுநாள் வேறொரு ஜப்பானியப் படையின் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. சென்னையில் மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைக் காலி செய்தது இந்த வாரத்தில்தான். உங்கள் வீட்டுப் பாட்டிமார்கள் “ஜப்பான்காரன் குண்டு போடுறான்னு ஊருக்கு ஓடினோம்” என்று சொல்லியிருப்பார்களே, அந்த ஜப்பான்காரன் இவர்கள்தான்.

திருகோணமலைக்கும் தாக்குதல் வரும் என்று தெரிந்ததும், ஏப்ரல் 8 இரவில் துறைமுகத்தைக் காலி செய்தார்கள். ஹெர்மிஸும், துணைக்கு ‘வாம்பயர்’ என்ற ஆஸ்திரேலிய டெஸ்ட்ராயரும் கரையை ஒட்டித் தெற்கே போயின. ஹெர்மிஸின் விமானங்கள் அப்போது கரையில் இருந்தன. அவற்றை ஏற்றிக்கொள்ளாமலே கிளம்ப வேண்டியதாயிற்று. 9-ஆம் தேதி காலையில் ஜப்பானிய வேவு விமானம் ஒன்று பார்த்துவிட்டது. கரையிலிருந்து போர் விமானங்கள் வந்து காக்கட்டும் என்று திருகோணமலையை நோக்கித் திரும்பினார்கள். போர் விமானங்கள் வந்து சேர்ந்தபோது காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை.

எண்பதுக்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் புறப்பட்டு வந்திருந்தன. காலை பத்தரை மணிக்குமேல் ஆரம்பித்த தாக்குதல், பதினொன்று அடிப்பதற்குள் கப்பல் மூழ்கிவிட்டது. ஹெர்மிஸில் 307 பேர் இறந்தார்கள், கேப்டன் ரிச்சர்ட் ஆன்ஸ்லோவும் அதில் ஒருவர். வாம்பயரும் அடுத்து மூழ்கியது, அதில் அதன் கேப்டனோடு சேர்த்து 9 பேர். அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்த ‘வீட்டா’ என்ற மருத்துவக் கப்பல் தண்ணீரில் மிதந்த சுமார் 600 பேரைத் தூக்கியது. சிலர் நீந்தியே மட்டக்களப்புக் கரையைப் பிடித்தார்கள்.

ஹெர்மிஸ் சாதாரணக் கப்பல் இல்லை. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வரையப்பட்ட முதல் கப்பல் அதுதான். 1918 ஜனவரியில் அடிக்கட்டை வைத்தார்கள். அதற்கு முன்பெல்லாம் வேறு கப்பலை வெட்டி ஒட்டித்தான் விமானத் தளம் போட்டார்கள். ஆனால் கட்டி முடிப்பதற்குள் வருடங்கள் ஓடி, 1924-ல்தான் பணிக்கு வந்தது. அதற்குள் ஜப்பான் தன் ‘ஹோஷோ’வை முடித்துவிட்டது. 600 அடி நீளம். பழைய ஒன்பது பெட்டி லோக்கல் வண்டி ஒன்றை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள், ஏறத்தாழ அவ்வளவு நீளம். அது கடலடியில் இடப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது.

அந்த ஐந்து ஜப்பானியக் கப்பல்களில் மூன்று, இரண்டே மாதத்தில் மிட்வே போரில் மூழ்கின. நகுமோ ஏறி வந்த ‘அகாகி’யின் உடலை 2019-ல் பசிபிக்கில் 5 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் கண்டுபிடித்தார்கள். அங்கே எந்த டைவரும் போக முடியாது. ஹெர்மிஸ் மனிதன் எட்டக்கூடிய ஆழத்தில், கரையிலிருந்து சில மைல் தூரத்தில் கிடக்கிறது. கிடைத்தற்கரிய விஷயம் இது. இலங்கை உள்நாட்டுப் போர்க்காலத்தில் அந்தப் பக்கம் போவதே கடினமாக இருந்தது. 2009-ல் அது முடிந்த பிறகுதான் வெளியூர் டைவர்கள் அதிகமாக வரத் தொடங்கினார்கள். மட்டக்களப்பு மீனவர்களுக்கோ அது எப்போதும் தெரிந்த இடம். என்னை அழைத்துப் போன படகோட்டி அண்ணன் கரையில் ஒரு மரத்தையும் கலங்கரை விளக்கத்தையும் வைத்துக் கணக்குப் பார்த்துத்தான் முதலில் நிறுத்தினார். கருவியைப் பிறகுதான் பார்த்தார். நங்கூரக் கயிறு கப்பலுக்கு 15 மீட்டர் தள்ளி விழுந்திருந்தது.

“நம் விராட்டின் பழைய பெயரும் ஹெர்மிஸ்தானே? அது எப்படி மட்டக்களப்பில் மூழ்கியிருக்கும்?” – கொலாபா வாசகர்

பெயர் ஒன்று, கப்பல் வேறு. பிரிட்டிஷ் கடற்படையில் ஒரு கப்பல் போனால் அதன் பெயரை அடுத்ததற்கு வைப்பது வழக்கம். நம் ஊரில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிறோமே, அப்படி. 1944-ல் கட்டத் தொடங்கிய இன்னொரு விமானந்தாங்கிக்கு ஹெர்மிஸ் என்று பெயர் வைத்தார்கள். 1959-ல் பணிக்கு வந்து, 1982-ல் ஃபாக்லாந்து போரில் தலைமைக் கப்பலாக இருந்து, 1987-ல் நம்மிடம் வந்து ‘ஐஎன்எஸ் விராட்’ ஆனது.

பாம்பே ஹைக்குப் படகில் போகும்போதும் வரும்போதும் விராட்டை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். 2017 மார்ச்சில் ஓய்வு கொடுத்தார்கள். 2020 செப்டம்பரில் இங்கிருந்து ஆலங்குக்கு இழுத்துக்கொண்டு போனார்கள், உடைப்பதற்கு. பேரன் துண்டு துண்டாகிவிட்டான். பெயர் கொடுத்த தாத்தா இன்னும் முழு உருவோடு கடலடியில் இருக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு என்னமோ செய்யும்.

“எங்கள் குடும்பம் தூத்துக்குடி. தாத்தா சங்கு குளித்தவர். சிலிண்டர் இல்லாமல் எட்டு, பத்து பாகம் இறங்குவாராம். நான் தாராவியில் ஏசி மெக்கானிக். எனக்கு இந்தத் தொழில் வருமா? 23 வயது.” – தாராவி வாசகர்

தம்பி, பத்து பாகம் என்றால் 18 மீட்டர். மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த ஆழத்தில் சங்கு தேடி எடுத்தவர் உன் தாத்தா. நாங்கள் இரும்புத் தொப்பி போட்டுக்கொண்டு செய்ததைவிடப் பெரிய வேலை அது. அந்தக் காலத்தில் குளிப்பவரின் கயிற்றை மேலே மச்சான்தான் பிடிப்பான் என்று ஊரில் சொல்வார்கள், தங்கை தாலிக்கு அவன்தானே காவல் என்று. எங்கள் தொழிலிலும் கயிறு பிடிப்பவர் உண்டு, அவரை டெண்டர் என்போம். நான் சூப்பர்வைசரான பிறகு புதுப் பையன்களிடம் முதல் நாளே இந்த மச்சான் கதையைச் சொல்வேன்.

தொழில் டைவிங்கும் பொழுதுபோக்கு டைவிங்கும் வேறு வேறு. தார்கர்லிச் சான்றிதழோ அந்தமான் சான்றிதழோ எண்ணெய்க் கிணற்று வேலைக்குச் செல்லாது. அதற்குத் தனிப் பயிற்சி, தனி மருத்துவப் பரிசோதனை. காது, நுரையீரல், இதயம் மூன்றும் நன்றாக இருக்க வேண்டும். ஆஸ்துமா இருந்தால் இப்போதே டாக்டரிடம் பேசிவிடு. ஏசி மெக்கானிக் என்பது உனக்குப் பெரிய பலம். தண்ணீருக்குள் போவதைக் கற்றுக்கொடுத்துவிடலாம், கையில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவன்தான் கிடைப்பதில்லை. வெல்டிங்கும் படித்துக்கொள்.

இன்னொன்று. மும்பைக் கடலில் கண் தெரியும் என்று நினைக்காதே. துறைமுகப் பக்கம் முகத்துக்கு நேரே நீட்டிய கை தெரியாது. விரலால் தடவித் தடவித்தான் வேலை. இருபது வருடம் அப்படி வேலை செய்த பிறகு மட்டக்களப்புத் தண்ணீரில் 25 மீட்டர் தூரம் தெளிவாகத் தெரிந்தபோது, இறங்கும் கயிற்றிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

“அந்தக் கப்பல்களில் தங்கம், பித்தளை எல்லாம் இருக்கும் அல்லவா? நினைவுப் பொருளாக ஏதாவது எடுத்து வந்தீர்களா?” – முலுண்ட் வாசகர்

இல்லை. எடுக்கவும் கூடாது. போர்க்கப்பலில் தங்கம் இருக்காது. பித்தளை இருக்கும், வெண்கலம் இருக்கும், செம்பு இருக்கும். வினையே அதுதான்.

ஒரு நண்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வேறொரு கடலில், வேறொரு போர்க்கப்பலிலிருந்து ஒரு பித்தளை வால்வுச் சக்கரம் எடுத்து வந்தார். உள்ளங்கை அகலம். வீட்டில் புளி போட்டுத் தேய்த்து, ஷோகேஸில் நடராஜர் பக்கத்தில் வைத்திருக்கிறார். அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஓரத்தில் நாலு இடத்தில் மட்டும் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது. விரல்கள் பதியும் இடம். யாரோ ஒருவர் வருடக்கணக்காக அதைத் திருகியிருக்கிறார். ஒருவேளை கடைசி நிமிடத்தில், தண்ணீர் உள்ளே வரும்போதும் அதைத் திருகிக்கொண்டு இருந்திருப்பார். “இதைத் திருப்பி வைத்துவிடு” என்றேன். “இத்தனை பேர் எடுக்கிறார்கள், நான் ஒருவன் எடுத்தால் என்ன” என்றார். அதற்குப் பிறகு அவரோடு நான் டைவ் போகவில்லை. பேச்சு வார்த்தை இருக்கிறது, கல்யாணம் காட்சிக்குப் போகிறேன். தண்ணீருக்குள் மட்டும் சேர்ந்து இறங்குவதில்லை.

ஒருவர் எடுத்தால் என்ன என்பதற்குப் பதில் ஜாவா கடலில் இருக்கிறது. 1942 பிப்ரவரி 27-ல் அங்கே நடந்த போரில் ‘டி ரைட்டர்’, ‘ஜாவா’ என்ற டச்சுக் கப்பல்கள் நூற்றுக்கணக்கான மாலுமிகளோடு மூழ்கின. 2016-ல் அஞ்சலி செலுத்துவதற்கு முன்னோட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். கப்பலைக் காணோம். கப்பலின் வடிவத்தில் மணலில் பள்ளம் மட்டும் இருந்தது. ஆயிரக்கணக்கான டன் இரும்பைத் திருட்டுத்தனமாகக் கிரேன் வைத்துத் தூக்கி, காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள். அதற்குள் இருந்த மனிதர்களின் எலும்புகள் என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மலேசியாவுக்குக் கிழக்கே 1941 டிசம்பர் 10-ல் மூழ்கிய ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ இரண்டிலும் சேர்த்து 800 பேருக்கு மேல் இறந்தார்கள். அவற்றையும் இதேபோல வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

இரும்பை உடைப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. 2014-ல் பழைய விக்ராந்தை இதே தாருகானா பக்கம்தான் உடைத்தார்கள். அதன் இரும்பில் மோட்டார் சைக்கிள்கூட வந்தது. அது ஆள் இறங்கிய கப்பல். ஆளோடு போன கப்பல் கல்லறை. கல்லறையிலிருந்து கைப்பிடி கழற்றக் கூடாது.

ஆபத்தும் உண்டு. ஹெர்மிஸில் பீரங்கிக் குண்டுகள் இன்னும் கிடக்கின்றன. எண்பது வருடம் ஆனதால் அவை செத்துவிட்டன என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. தொடாதீர்கள். உள்ளேயும் நுழையாதீர்கள். தகடுகள் அட்டைபோல இற்றுவிட்டன. நாம் விடும் காற்றுக் குமிழி மேலே முட்டினாலே துரு பொலபொலவென்று கொட்டி, வந்த வழி தெரியாமல் போகும். மீன்வலைகள் வேறு சிக்கிக் கிடக்கின்றன. நான் கூர்மையான சின்னக் கத்தி இல்லாமல் இறங்கியதே இல்லை.

“சென்னையில் குண்டு போட்ட எம்டன் இப்போது எங்கே கிடக்கிறது? அதையும் பார்க்கலாமா?” – சயான் வாசகர்

1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்ட ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், அதன் பிறகு ஏழு வாரம்தான் இருந்தது. நவம்பர் 9-ல் கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியாவின் ‘சிட்னி’ போர்க்கப்பல் அதை அடித்து நொறுக்கியது. மூழ்கவிடாமல் கேப்டன் முல்லர் அதை வடகீலிங் தீவின் பவளப் பாறைமேல் ஏற்றினார். கப்பலின் பெரும்பகுதியை 1950-களில் வெட்டி எடுத்துவிட்டார்கள். மிச்சம் சில துண்டுகள் அலையடிக்கும் இடத்தில் கிடக்கின்றன. ஆஸ்திரேலிய அரசின் பாதுகாப்பில் இருக்கிறது, அனுமதி இல்லாமல் போக முடியாது. ஆள் கெட்டிக்காரன் என்றால் “சரியான எம்டன்” என்று நாம் இன்னமும் சொல்கிறோம். கப்பலைவிட அந்தச் சொல் உறுதியாக நிற்கிறது.

“குக்ரியில் டைவ் செய்ய முடியுமா?” – வாஷி வாசகர்

முடியாது, முயற்சியும் வேண்டாம். 1971 டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால் பாகிஸ்தான் நீர்மூழ்கி ‘ஹங்கோர்’ அடித்து ஐஎன்எஸ் குக்ரி மூழ்கியது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் இறந்தார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு வரவில்லை. அவர்கள் இருக்கும் இடம் அது. டையூவில் கடலைப் பார்த்த மேட்டில் நினைவிடம் இருக்கிறது, கண்ணாடிக்குள் கப்பலின் மாதிரி வைத்திருக்கிறார்கள். அங்கே போய் வாருங்கள்.

“எனக்கு 54 வயது, நீச்சல் தெரியாது. ஆசை மட்டும் இருக்கிறது.” – காட்கோபர் வாசகி

நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள் அம்மா, முதலில் அதுதான். வயது தடை இல்லை. முதல் கட்டப் பயிற்சிக்கு 200 மீட்டர் நீந்தவும், 10 நிமிடம் மிதக்கவும் தெரிந்தால் போதும், வேகம் கேட்க மாட்டார்கள். ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தால் மருத்துவப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். நீச்சல் பழகியதும் எனக்கு ஒரு வரி போடுங்கள், எங்கே ஆரம்பிக்கலாம் என்று சொல்கிறேன்.

“அங்கே எலும்புகள் இருக்குமா? உங்களுக்குப் பயமாக இல்லையா?” – ஒன்பதாம் வகுப்பு மாணவி, சயான் கோலிவாடா

நான் எலும்பு எதுவும் பார்க்கவில்லை கண்ணு. உள்ளே போகவில்லை, தேடவும் இல்லை. பயம் என்றால் ஆழத்தின் மேல்தான் பயம்.

இரண்டாவது முறை போனபோது பார்த்ததை உனக்குச் சொல்கிறேன். கப்பலின் பக்கவாட்டில் ஒரு பீரங்கி. குழல் மேலே தண்ணீரைப் பார்த்தபடி நீட்டிக்கொண்டு இருந்தது. வாயைச் சுற்றி மஞ்சள் பவளம் சாமந்தி மாலை மாதிரி பூத்திருந்தது. குழலுக்குள் என் விளக்கை அடித்தேன். ஒரு சின்ன மீன், உன் சுண்டுவிரல் அளவுதான், வெளியே வந்து வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனது. திரும்பவும் வந்தது. அதற்கு அது வீடு. பீரங்கிக்குக் கீழே காலி வெடியுறைகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சரிந்து கிடந்தன. அவ்வளவும் அன்று காலையில் சுட்டவை. மேலே அத்தனை விமானம் வந்தும் அந்த இடத்தை விட்டு நகராமல் நின்று யாரோ சுட்டிருக்கிறார்கள். உன் அண்ணன் வயது இருக்கும் அவர்களுக்கு.

எனக்கு அங்கே 14 நிமிடம் கிடைத்தது. அதில் மூன்று நிமிடம் அந்தப் பீரங்கிக்கு முன்னால் அசையாமல் இருந்தேன். பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு 50 நிமிடம் மெதுவாக மேலே வந்தோம். படகில் ஏறியதும் படகோட்டி அண்ணன் ஃபிளாஸ்க்கிலிருந்து பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். “ஆக்கள் எல்லாம் சுகமா இருக்கினமா?” என்று கேட்டார். எங்களைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, சுகம் அண்ணே என்றேன். அவர் தலையை ஆட்டி, கையால் கீழே தண்ணீரைக் காட்டினார்.